வலிக்காத ஊசி

எனக்கு ஊசி போடுவதில் நல்ல கை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நர்சுப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சாத்துக்குடிப் பழத்தில் ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். மற்ற பெண்கள் குத்திய பழத்திலிருந்து சாறு வழியும். நான் குத்திய பழத்தில் குத்திய இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பழத்துக்குப் பிறகு ஒருவர் கையில் ஒருவர் போட்டுப் பழகினோம். அப்போது கூடப் படித்தவர்கள் எல்லோரும், நான் நீ என்று முண்டியடித்துக்கொண்டு என்னிடம்தான் கையை நீட்டுவார்கள். என்னோடு பேசாமல் முறைத்துக்கொண்டு திரிந்தவளும் அன்றைக்கு மட்டும் சிரித்துக்கொண்டே வந்து நின்றாள்.

இப்படிப்பட்ட கையோடு நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்தது ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டு. வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. துறைமுகத்தில் சங்கு ஊதினால் எங்கள் வார்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். படுக்கைகளில் பெரும்பாலும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், கிரேனில் அடிபட்டவர்கள், திருவொற்றியூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள். என் அப்பாவுக்கு நான் அங்கே போனதில் இஷ்டமே இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் மளிகைக் கடை வைத்தவர். ஊரான் புண்ணைக் கழுவுகிற பிழைப்பு நமக்கெதற்கு என்று வீட்டில் ஒரு மாதம் சாப்பாட்டு நேரமெல்லாம் புலம்பினார். என் பிடிவாதம் அவரிடமிருந்து வந்ததுதான் என்பது அவருக்கே தெரிந்திருந்ததால், கடைசியில் ஒரு டிரங்குப் பெட்டி வாங்கிக்கொடுத்து நர்சுகள் விடுதியில் கொண்டுவந்து விட்டார்.

நான் வந்தது காலியாகக் கிடந்த இடத்துக்கு அல்ல. எனக்கு முன்னால் அந்த வார்டில் ஓர் ஆண் நர்சு இருந்தார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். வயதாகி ஓய்வு பெற்றுவிட்டார். அந்தக் காலத்தில் ஊசியைப் பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிகிற வழக்கம் கிடையாது. கொதிக்கவைத்து, முனை மழுங்கினால் கல்லில் தீட்டி, மறுபடியும் அதையேதான் போடுவோம். பட்டாள நர்சு கொதிக்கவைப்பார், தீட்ட மாட்டார். அவர் விட்டுப்போன ஊசிகளைப் பார்த்தபோது கோணி தைக்கத்தான் இவை லாயக்கு என்று நினைத்தேன். ஓர் எண்ணெய்க்கல்லை வாங்கிவரச் சொல்லி, உட்கார்ந்து எல்லா ஊசிகளையும் ஒவ்வொன்றாகத் தீட்டினேன். நகத்தில் வைத்து இழுத்தால் பிசிறு தட்டிக் கோடு விழாத அளவுக்குத் தீட்டினேன். இதற்காக வார்டே என்னை வாழ்த்தப்போகிறது என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

வார்டு வாழ்த்தவில்லை. ஊசி போட்டு முடித்துப் பஞ்சால் துடைத்துவிட்டு நகர்ந்தால், "இன்னாம்மா, போடலியா?" என்று கேட்பார்கள். போட்டாச்சு என்பேன். நம்பாமல் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பழைய நர்சு போட்ட ஊசியைப் பற்றி, ஏதோ ஜல்லிக்கட்டில் மாடு முட்டிய கதையைச் சொல்வது மாதிரி சொல்வார்கள். அவர் போட்டால் உட்கார முடியாதாம். படுத்தால் புரள முடியாதாம். எண்ணூரில் நிற்கிறவன் காதில் விழுகிற மாதிரி ஒருவன் கத்தினானாம். அதையெல்லாம் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். மருந்து என்றால் கசக்க வேண்டும், ஊசி என்றால் வலிக்க வேண்டும். வலிக்காதது உள்ளே போகவில்லை. அவர்கள் தீர்மானம் இவ்வளவுதான். கொஞ்ச நாளில் எனக்குப் பட்டப்பெயரும் வந்துவிட்டது. நர்சம்மா வருகிறாள் என்று யாரும் சொல்வதில்லை. தண்ணி ஊசி வருது என்றார்கள்.

எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். வந்தது அழுகை இல்லை, கோபம். இவர்கள் எக்கேடோ கெட்டுப்போகட்டும், என் வேலையை நான் சரியாகச் செய்கிறேன் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். மேஸ்திரி வந்து சேரும்வரை அப்படித்தான் இருந்தேன்.

மேஸ்திரி என்பவர் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஆட்களுக்குத் தலைவர். கறுத்து, கட்டுமஸ்தான உடம்பு. இரும்புத் தகடு ஒன்று நழுவி வலது பாதத்தில் விழுந்திருக்கிறது. அவர் என்ன செய்தார்? சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அப்பி, மேலே துணியைச் சுற்றிக்கொண்டு, அதே காலோடு கப்பலுக்கும் கரைக்கும் நடந்துகொண்டிருந்தார். புண் அழுகி, காய்ச்சல் வந்து, காலைத் தரையில் ஊன்ற முடியாமல் போன பிறகுதான் ஆட்கள் தூக்கிவந்து போட்டார்கள். துணியைப் பிரித்தபோது வந்த நாற்றத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெரிய டாக்டர் பார்த்தார். வீக்கம் கணுக்காலைத் தாண்டியிருந்தது. வேளை தவறாமல் பென்சிலின் போட்டுப் பார்ப்போம், ஆடுசதைக்கு ஏறிவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று மேஸ்திரியிடமே சொல்லிவிட்டார். மேஸ்திரி அதற்குச் சிரித்தார். எடுத்தால் செருப்புச் செலவு பாதியாகக் குறையும் என்றுகூடச் சொன்னார். வந்திருந்த அவருடைய ஆட்களும் சிரித்தார்கள். ஆனால் ஆட்கள் போன பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் போர்வையை விலக்கிக் காலையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கப்பலுக்குப் பலகைமேல் ஏறி இறங்க முடியாத மேஸ்திரிக்கு அங்கே என்ன வேலை? எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் பெரிய இரக்கம் வந்தது. இந்தக் காலை எப்படியாவது காப்பாற்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். மருந்து அரசாங்கத்துடையது, வைத்தியம் டாக்டருடையது. எனக்கென்று இருந்தது ஊசி போடுகிற கை மட்டும்தான். அதைத்தான் அங்கே யாரும் மதிக்கவில்லை.

முதல் நாள் வேளைக்கு வேளை போட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் காத்திருந்தார், நான் போட்டாச்சு என்றேன், அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுநாளும் அப்படியே. பார்வையாளர் நேரத்தில் அவர் மனைவி வந்தாள். காசிமேட்டில் வீட்டுக்குப் பின்னால் ரெண்டு எருமை கட்டிப் பால் ஊற்றுகிறவள். பேச்சில் அவளை மிஞ்ச அந்தப் பேட்டையிலேயே ஆள் கிடையாது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த வேளை ஊசிக்கு நான் மருந்து தயார் பண்ணும்போது அவள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

அப்போதெல்லாம் பென்சிலின் சின்னக் கண்ணாடிப் புட்டியில் வெள்ளைப் பொடியாக வரும். தனியாக இருக்கிற சுத்தத் தண்ணீரை உறிஞ்சி அந்தப் புட்டிக்குள் செலுத்திக் குலுக்கினால் பொடி கரைந்துவிடும். கரைந்த பிறகு பார்க்க அதுவும் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும். நான் பாட்டுக்கு அவள் கண்ணெதிரே தண்ணீரை எடுத்தேன், உள்ளே விட்டேன், குலுக்கினேன்.

"ஐயோ, தண்ணிய ஊத்துறா" என்று அவள் சொன்னது வார்டு கடைசி வரை கேட்டது. "ஏன்மா, நானும் எருமை வெச்சுப் பொழைக்கிறவதான். தண்ணி கலக்குற கை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

மூன்றாவது படுக்கையில் இருந்தவர் அவளிடம் பால் வாங்குகிற குடும்பத்துக்காரர். அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்து அவளைப் பார்த்தார். அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊரில் சிலபேர் கலக்குவதைப் பார்த்திருப்பதாகச் சொன்னாள். ஆனால் அவள் வாயால் ஆக வேண்டிய காரியம் ஆகிவிட்டது. இந்தப் பெண் நல்ல மருந்தை வெளியே தள்ளிவிட்டு நமக்குத் தண்ணீர் ஏற்றுகிறாள் என்று ஒருவர் ஆரம்பிக்க, ஆளாளுக்கு என்னைத் திருடி ஆக்கினார்கள். பொடி இருக்கிற புட்டியைக் காட்டினேன். கோலமாவு என்றார்கள். மேஸ்திரி அன்று மாலை ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஹெட் சிஸ்டரிடம் போய் முறையிட்டேன். அவர் ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி. டாக்டரைத் தவிர எல்லோரையும், தோட்டியிலிருந்து தாசில்தார் வரை, ஒரே மாதிரி நீ என்றுதான் கூப்பிடுவார். அவரே வந்து மேஸ்திரியைத் திட்டிப் பார்த்தார். மேஸ்திரி கைகூப்பிக் கேட்டுக்கொண்டாரே தவிர, புரண்டு படுக்கவில்லை. வேண்டாம் என்கிறவனைக் கட்டிவைத்தா குத்த முடியும் என்று சொல்லிவிட்டு ஹெட் சிஸ்டர் என் பக்கம் திரும்பி, உன் கை நன்றாக இருக்கிறது, அதை இவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி மாற்றிக்கொள்ளேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. நல்ல கையைக் கெடுத்துக்கொள் என்று சொல்வதற்கா இவர் ஹெட் சிஸ்டர் ஆனார் என்று அன்று முழுக்கக் கறுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் நான் வார்டுக்குள் போனபோது வாசலில் ஒரு கைவண்டி நின்றது. துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற வண்டி. மேலே வைக்கோலைப் பரப்பி ஜமுக்காளம் போட்டிருந்தார்கள். மேஸ்திரியின் ஆட்கள் உள்ளே அவரைத் தூக்கத் தயாராக நின்றார்கள். எங்கே என்று கேட்டேன். தண்டையார்பேட்டைக்கு என்றார்கள். பட்டாள நர்சு ஓய்வு பெற்ற கையோடு அங்கே வீட்டு வாசலில் ஒரு பலகை மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் பென்சிலின் கிடையாது. இருந்தது சிவப்பாக ஒரு சத்து மருந்து. நன்றாக வலிக்கும். அதற்கும் புண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மேஸ்திரியின் காலைப் பார்த்தேன். வீக்கம் இன்னும் ஏறவில்லை. முந்தின மாலையிலிருந்து ஊசி தவறியதுதான் குறை. அந்த வண்டியில் ஏற்றினால் மறுபடி இங்கே கொண்டுவரும்போது பெரிய டாக்டருக்குக் கத்தியைத் தவிர வேறு வேலை இருக்காது.

நான் அதையெல்லாம் நிதானமாக எடுத்துச் சொன்னேன். ஒருவன் கொட்டாவி விட்டான்.

அப்புறம் நான் நிதானமாக இல்லை. எந்த நரகத்துக்கு வேண்டுமானாலும் போங்கள், இந்த வேளை ஊசி என் பொறுப்பு, இதைப் போட்டுவிட்டுத்தான் ஆளை விடுவேன் என்று தட்டோடு போய் நின்றேன். மேஸ்திரி ஆட்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஏதோ குழந்தை விளையாட்டுக்குச் சமைத்த மண்சோற்றைச் சாப்பிடுகிற மாதிரி, "போட்டுக்கோ, போ" என்று ஒருக்களித்துப் படுத்து வேட்டியை ரெண்டு விரல் தளர்த்தினார்.

அந்தச் சிமிட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பஞ்சால் துடைத்த இடத்தில், என் பலம் முழுவதையும் திரட்டி, விரித்த கையால் ஓங்கி ஓர் அறை விட்டேன். மளிகைக் கடையில் மூட்டை புரட்டி வளர்ந்த கை. சத்தம் வராந்தாவுக்குக் கேட்டது. அதே மூச்சில் ஊசியைச் செருகி மருந்தை ஏற்றி வெளியே எடுத்துவிட்டேன்.

மேஸ்திரியின் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். ஹெட் சிஸ்டர் அறை வாசலில் வந்து நின்றார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். மேஸ்திரி தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கினார். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு நிம்மதி.

"டேய், இதாண்டா ஊசி" என்றார். "வண்டிய எடுத்துகினு போங்க."

எங்கள் அப்பா கடையில் சாமான் வாங்குகிறவர்கள் எடை சரியாக இருந்தாலும் கொசுறு கேட்பார்கள். ஒரு கறிவேப்பிலைக் கொத்து, ஒரு விரலளவு இஞ்சி போட்டால்தான் முழுசாகக் கொடுத்ததாக அர்த்தம். அதைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு இந்த வார்டின் நியாயம் புரிய இத்தனை நாள் ஆகியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து எல்லோருக்கும் ஊசி என் கையால், அறை கொசுறு. ஊசியை எப்போதும்போலத் தீட்டித்தான் வைத்தேன், மெதுவாகத்தான் போட்டேன். அதில் நான் ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியதை மேலே தனியாகக் கொடுத்தேன். வார்டு குளிர்ந்துவிட்டது. எனக்கு மட்டும் அறையைச் சின்னதாகப் போட்டுவிட்டாய் என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. ஊசியே எழுதிக்கொடுக்கப்படாத ஒருவர், அறையாவது கிடைக்குமா என்று கேட்டார். தண்ணி ஊசி என்ற பெயர் போய்ப் பட்டாளத்தாள் என்று புதுப்பெயர் வந்தது.

பெரிய டாக்டர் ஒருநாள் சுற்றி வரும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு இது என்ன என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஹெட் சிஸ்டர், தசை தளர்வதற்காக இந்தப் பெண் கற்றுக்கொண்டு வந்திருக்கும் புது முறை என்று ஆங்கிலத்தில் ஓர் அளப்பு அளந்தார். டாக்டர் யோசித்து, நானும் எங்கேயோ படித்திருக்கிறேன் என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகு அது வைத்தியமாகிவிட்டது. உண்மையிலேயே தசையைத் தட்டினால் ஊசி தெரியாது என்பதை நான் வெகுகாலம் கழித்து இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மேஸ்திரியின் கால் பிழைத்தது. வீக்கம் கணுக்காலுக்கு இறங்கி, பாதத்துக்கு இறங்கி, புண்ணில் நல்ல சிவப்புச் சதை வந்தது. சுண்டுவிரலை மட்டும் எடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போகும் நாளில் மனைவி ஒரு சொம்பு நிறையப் பால் கொண்டுவந்து, எல்லோர் எதிரிலும் என் கையில் கொடுத்து, இது சுத்தமான பால் என்று அழுத்திச் சொன்னாள். மூன்றாவது படுக்கைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அதோடு அவர்களை மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் வேலை நிரந்தரமானது. வெளிநோயாளிகள் பகுதிக்கு மாற்றினார்கள். ஐப்பசி அடைமழையில் ஒருநாள் காலையில், வரிசையில் நனைந்துகொண்டு மேஸ்திரி நின்றார். முதலில் கண்ணில் பட்டது கால்தான். லேசாகச் சாய்த்து வைத்தாலும் ரெண்டு காலிலும் நின்றார். தோளில் கோணிச் சாக்கைப் போர்த்தி தன் நாலு வயதுப் பெண் குழந்தையைப் போட்டிருந்தார். காசிமேட்டிலிருந்து தண்ணீரில் நடந்தே வந்திருக்கிறார். பின்னால் மனைவி, வாயே திறக்காமல். அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

குழந்தைக்கு நெஞ்சில் கபம் கட்டியிருந்தது. மூச்சு இழுக்கும்போது விலாவெல்லாம் உள்ளே போனது. டாக்டர் வார்டில் சேர்க்கச் சொல்லி, முதல் பென்சிலினை உடனே போட்டு அனுப்பச் சொன்னார். பெஞ்சில் மேஸ்திரியின் மடியில் குப்புறப் போட்டார்கள். நான் தண்ணீரை எடுத்தேன், பொடியில் விட்டேன், குலுக்கினேன். மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள். நான் பஞ்சால் துடைத்தேன்.

மேஸ்திரி குழந்தையின்மேல் தன் அகலமான கையை விரித்து மறைத்துக்கொண்டார்.

"அடி வேணாம், நர்சம்மா" என்றார். "எனக்கு மொத நாளு போட்டியே, அந்த மாரி போடு."

நான் அவரையே பார்த்தேன். ஆக, அது தண்ணீர் இல்லை என்று உங்களுக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டேன்.

"அன்னிக்கு ராவே ஜொரம் வுட்டுச்சு. தெரியாம இன்னா? பசங்க எதுர்ல எப்டிச் சொல்றது, ஒரு பொண்ணு போட்டது வலிக்கலன்னு." குழந்தையின் முதுகைத் தடவினார். "இது ரொம்ப பயப்படும்மா. ஒன் கைய நம்பித்தான் மழையில இட்டாந்தேன்."

மனைவிக்கு இது புதுச் செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் அந்த மனுஷனை அங்கேயே உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். எனக்கும் கேட்க எவ்வளவோ இருந்தது. திருடி என்றார்களே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஆனால் கையை நம்பி வந்தேன் என்று ஒருவர் சொன்ன பிறகு பழைய கோபத்தை எங்கே போய்த் தேடுவது. ஊசியைக் கையில் எடுத்தேன். மேஸ்திரி தன் கையை நகர்த்தினார். மோவாயை நெஞ்சில் புதைத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், என் அறைகளை எல்லாம் கேட்டு வாங்கிய அந்த ஆள்.

குழந்தை அசையவில்லை. பெஞ்சின் காலில் ஊர்ந்துகொண்டிருந்த ஓர் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போட்டாச்சு என்றேன். அவர் கண்ணைத் திறந்தார். அவள் சேலைத்தலைப்பால் குழந்தையின் ஈரக்காலைத் துடைத்தாள். நிஜமாகவா என்று ரெண்டு பேருமே கேட்கவில்லை.